ரோக்கா முனையில் ஒரு முப்பத்தோராம் நாள்

இந்த நாட்டுக்கு வந்த முதல் மூன்று மாதமும் மனிதர்களோடு பேச முடியாமல் தளபாடங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். லிஸ்பன் நகரில், ஏற்றமான ஒரு தெருவில், தோனா கிராசா என்ற விதவைப் பெண்மணி நடத்தும் சிறிய தங்குவிடுதியில் எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. முதல் நாள் காலை அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். வசனம் விளங்கவில்லை. ஆனால் அந்தப் போர்த்துக்கேய வசனத்துக்குள் உட்காருகிற கதிரையும் சமைக்கிற குசினியும் யன்னலும் இருந்தன. மூக்கால் சொன்ன கதிரை, நசிந்துபோன யன்னல், என்றாலும் எங்களுடைய சொற்கள்தான். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினி யன்னலடியில் வைத்தேன். அவர் கன்னத்தில் கைவைத்தபடி நின்றார். 1624இல் திருகோணமலையில் எங்கள் மலைக்கோயிலை இடித்து, அந்தக் கல்லை வைத்தே கோட்டை கட்டிய உங்கள் ஆட்கள் போகும்போது விட்டுச் சென்ற சொற்கள் இவை, அம்மா என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அலுமாரி, மேசை, வாங்கு, சப்பாத்து. உட்காரவும் உடுக்கவும் அடுக்கவும் சொல் விட்டுப் போயிருக்கிறார்கள். துக்கம் சொல்ல ஒரு சொல்லையும் விட்டுப் போகவில்லை. அது எனக்கு இந்த வருடம் தை மாதத்தில்தான் உறைத்தது.

திருகோணமலையில் இதை வாசிப்பவர்களில் சிலருக்கு என்னை ஞாபகம் இருக்கலாம். உள்துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன். பிறகு ஒரு சரக்குக் கப்பலில் கணக்கெழுதப் போனேன். கப்பல் லிஸ்பனில் பழுதாகி நின்றது, முதலாளிமார் அதைக் கைவிட்டார்கள், மாலுமிகள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நான் நின்றுவிட்டேன். தங்கியிருக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டபோது என் கடவுச்சீட்டை வாங்கி, வெளிநாட்டவரைப் பதியும் கந்தோரின் மேசை இலாச்சி ஒன்றுக்குள் வைத்துப் பூட்டினார்கள். விண்ணப்பம் முடியும்வரை அது அங்கேதான். நான் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் செத்துவிடும்.

அப்படியிருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குத் தம்பி நடேசனின் தந்தி வந்தது. நான் நேரம் குறித்துவைக்கிற ஆள். ஆங்கிலத்தில் ஆறே ஆறு சொல். அப்பாவுக்குக் கடும் சுகவீனம், உடனே வரவும், அதன் கீழே அவன் பெயர். நான் ஈரக்கையோடு அதை வாசித்தேன். அப்பா செத்துப்போய்விட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

ஏன் அப்படி என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர் கேட்கமாட்டார்கள். சாவைத் தந்தியில் எழுதி அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. தூரத்தில் தனியே இருக்கிற பிள்ளைக்கு வருத்தம் கடுமை, சுகமில்லை என்றுதான் எழுதுவார்கள். வந்து வாசற் படலையடியில் பந்தலைக் கண்டு தெரிந்துகொள்ளட்டும், வரும் வழியில் சோறாவது இறங்கட்டும் என்ற இரக்கம். எங்கள் கந்தோருக்கு எதிரேதான் தபாற்கந்தோர். ஆங்கிலம் தெரிந்தவன் என்று சனம் என்னிடம் வந்து தந்தி எழுதுவிக்கும். கிண்ணியாவிலிருந்து தோணியேறி வந்த ஒரு மனிதரை இன்றும் மறக்கவில்லை. சாரன் விளிம்பு நனைந்திருந்தது. கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

“வாப்பா மௌத்தாகிட்டாரு சேர், சுபஹு தொழுகைக்கு முன்னாடி. தம்பி கொழும்புல கடையில நிக்கான்.”

நான் எழுதத் தொடங்கினேன். அவர் எட்டி என் பேனையைப் பிடித்தார்.

“ஐயோ, அப்படி எழுதிடாதீங்க சேர். ராவெல்லாம் ரயில்ல தனிய வரணும் அவன். வருத்தம் கடும எண்டு போடுங்க. மிச்சத்த நாங்க வாசல்ல வச்சிச் சொல்லிக்குவம்.”

அப்படி நான் எழுதிக்கொடுத்த ஒவ்வொரு தந்தியின் நகலையும் கொப்பியில் எழுதி வைத்தேன். அவற்றில் ஒன்றில்கூட உயிரோடு ஒருவர் இருந்ததில்லை. உண்மையிலேயே சுகமில்லை என்றால் எங்கள் சனம் கடிதம் போடும், தந்தி அடிக்காது. ஆகவே இந்த விஷயத்தில் என்னைவிடத் தேர்ந்தவன் ஊரில் எவனும் இல்லை என்ற நிச்சயத்தோடு, அதே நாள் பின்னேரம், தந்தியை எடுத்துக்கொண்டு பதிவுக் கந்தோருக்குப் போனேன்.

அங்கே இருந்த உத்தியோகத்தர் என் வயதுக்காரர். ஆங்கிலம் ஓரளவு பேசுவார். தந்தியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு குனிந்து ஒரு பச்சைப் படிவத்தை எடுத்தார். பெற்றோர் நோயுற்றிருந்தால் மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, போய்வரக் கடவுச்சீட்டைத் திருப்பித் தருவதற்கும், திரும்பி வந்தால் உள்ளே விடுவதற்குமான படிவம் அது.

“நோயாளியின் பெயர்?” என்றார்.

“அவர் நோயாளி இல்லை. இறந்துவிட்டார்.”

“இங்கே நோய் என்றுதானே இருக்கிறது?”

“எங்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவார்கள்.”

அவர் என்னைப் பார்த்தார், தந்தியைப் பார்த்தார். “தெரிந்துதான் சொல்கிறீர்களா?”

“நிச்சயமாக. நேற்று, திங்கட்கிழமை, இறந்திருக்க வேண்டும்.”

இந்த இடத்தில் அந்த மனிதர் சற்று நேரம் பேனையை மூடாமல் இருந்தார். எனக்கு வழி விட்டுக் காத்திருந்தார் என்பது இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. பொய்யான விவரத்தை ஒரு அரசாங்கப் படிவத்தில் ஏற்றுவதற்கு நான் ஆளில்லை என்று நிமிர்ந்து நின்றேன். பச்சைப் படிவம் இலாச்சிக்குள் திரும்பிப் போனது. இறந்தவர் என்றால் மரணச் சான்றிதழ் வேண்டும், அதுவும் இரண்டு நாட்டு முத்திரைகளோடு. மெத்த அனுதாபம் என்றார். என் விண்ணப்பக் கோவையில், தந்தை காலமானார், விண்ணப்பதாரரின் கூற்று என்று எழுதி என் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டார்.

வர ஏலாது என்பதை ஆறு சொல்லில் அடக்கித் தந்தி அடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. வெள்ளிக்கிழமை தம்பிக்குக் கடிதம் எழுதினேன். எட்டுப் பக்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியா வெந்நீரூற்றடியில் செய்யச் சொன்னேன். நான் இங்கே கடலோரம் ஒன்றில் என்னால் ஆனதைச் செய்வேன் என்றேன். பிறகு, அப்பா இல்லை என்ற தைரியத்தில், அவரிடம் ஏழெட்டு வருடமாகக் கேட்காத ஒரு மன்னிப்பையும் அந்தக் கடிதத்தில் கேட்டேன்.

அதைச் சொல்வதற்கு அப்பாவின் தொழிலைச் சொல்லவேண்டும். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை விட்டுப் போனபோது அப்பாவின் களஞ்சிய வேலையும் போனது. கையில் மிஞ்சியது துறைமுக ஆங்கிலமும் ஒரு வெள்ளைத் தொப்பியும். அவற்றை வைத்து அவர் வழிகாட்டியானார். கைட் முருகேசு என்றால் அந்த நாளில் கப்பற்காரருக்கெல்லாம் தெரியும். பின்னாளில் உப்புவெளிக் கடற்கரை விடுதிகளுக்கு வந்த வெள்ளைக்காரரும் அவரைத் தேடி வந்தார்கள். ஐந்து பேர், ஆறு பேர், ஒரு பழைய ஒஸ்டின் வான் வண்டியில் ஒருநாள் சுற்று. முதலில் ஓர்ஸ் ஹில்லில் ஏறி உள்துறைமுகத்தைக் காட்டுவார். மலைமேல் எங்கெங்கே அதிகாரிமாரின் பழைய பங்களா தெரிகிறதோ அதெல்லாம் அவர் வாயில் அரண்மனை. எந்த ராசாவுடையது என்று கேட்டால் ஆளைப் பார்த்துப் பதில் வரும். பிரெஞ்சுக்காரருக்கு ஒரு ராசா, யப்பான்காரருக்கு வேறொரு ராசா. கடைசியில் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்களைக் காட்டி, சுவாமி மலை உச்சிக்குக் கூட்டிப்போவார். கீழே முந்நூறு அடி, பிறகு நீலக் கடல்.

அங்கேதான் அவருடைய உச்சக்கட்டம். ஒல்லாந்து அதிகாரி ஒருவரின் மகள், காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து, அந்தப் பாறையிலிருந்து குதித்தாள் என்ற கதை. அதற்கு அங்கே ஒரு தூணும் இருக்கிறது. அப்பா கதையை முடித்து, தொப்பியைக் கழற்றி, “வன் மினிட் சைலன்ஸ் ஃபோர் த கேர்ள், பிளீஸ்” என்பார். காற்று மட்டும் கேட்கும். அந்த ஒரு நிமிடத்தில் அழாத பெண்களை நான் கண்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாத ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். நேரம் நான்கு மணி ஐந்து நிமிடம். அந்தக் கூட்டத்தில் ஒரு ஜெர்மன்காரர் அப்பா சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். பிழை ஒன்று எழுத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அது என் வியாதி. மௌனத்தின் நடுவிலே நான் சொன்னேன்: மன்னிக்க வேண்டும், அந்தப் பெண் குதிக்கவே இல்லை, சில வருடம் கழித்து அவள் வேறொருவரை மணந்ததற்குப் பதிவு இருக்கிறது. ஜெர்மன்காரர் எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்தான் கூடுதலாகச் சிரித்தாள். அப்பா தொப்பியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

திரும்பும்போது வானில் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “செத்தவளை எழுப்பிக் கலியாணமும் கட்டி வைச்சிட்டாய். கெட்டிக்காரன்.”

“உள்ளதைத்தானே அப்பா சொன்னனான்.”

“ஓம், ஓம். உள்ளதுதான். சனம் காசு குடுத்து உள்ளதைப் பாக்கவோடா வருகுது? உள்ளது அவையின்ரை வீட்டிலையே நிறையக் கிடக்கு.”

அதன் பிறகு அவர் மலையுச்சிக்கு ஏறவில்லை. கோட்டைக்குள் வானை நிறுத்தி, “கோ அண்ட் சீ” என்று ஆட்களை அனுப்பிவிட்டுக் கீழே நிழலில் இருந்துகொள்வார். கால் உளைவு என்று மற்றவர்களுக்குச் சொன்னார். எனக்குத் தெரியும். நான் கப்பலேறின அன்று இறங்குதுறையில், போட்டு வா என்று வழியனுப்பினார். எப்ப வருவாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் ஒரு புதன்கிழமையில் விழுந்தது. அதுவரை மீனும் இறைச்சியும் தொடவில்லை, முகம் வழிக்கவில்லை. கருவாட்டு மணம் சுவரில் ஊறிய குசினியில் இது பெரும்பாடு. எனக்கு வயிற்று வருத்தம் என்று முடிவுகட்டிய தோனா கிராசா நாள்தோறும் கோழிரசம் காய்ச்சிக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். நான் தலையாட்டுவேன். அவர் உப்புக் குறைவாக்கும் என்று உப்பைப் போட்டுத் திரும்பக் கொண்டுவருவார். கடலுக்குப் போகவேண்டும் என்று எப்படியோ விளங்கப்படுத்தியபோது, விடுதி ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒருநாள் சுற்றுலா வானில், மதியச் சாப்பாட்டுக் கூடையைத் தூக்குகிற சாட்டில், எனக்கு ஒரு இடம் பிடித்துத் தந்தார். காலையில் சிந்த்ரா மலையுச்சி அரண்மனைகள். பின்னேரம் ரோக்கா முனை. ஐரோப்பா முடிகிற இடம் என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கப்பால் மேற்கே வெறும் கடல்.

வானில் ஆறு பயணிகள். வழிகாட்டியும் சாரதியும் ஒருவரேதான், ஆல்பெர்த்து. அறுபது வயதிருக்கும். அங்கோலாவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அந்த நாடு சுதந்திரமடைந்த 1975இல் ஒரு பெட்டியோடு விமானமேறி, முன்பின் கண்டிராத இந்தத் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தவர். திரும்பி வந்தவர்கள் என்றுதான் அவரைப் போன்றவர்களை இங்கே சொல்கிறார்கள். போகாத இடத்துக்கு ஒருவர் எப்படித் திரும்பி வருவது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. அவரும் தொப்பி போட்டிருந்தார்.

மூடுபனிக்குள் வளைந்து வளைந்து ஏறினோம். உச்சியில் மஞ்சளும் சிவப்புமாக, மிட்டாய்ப் பெட்டி போல ஒரு அரண்மனை. பக்கத்துக் குன்றில் அதைவிடப் பழைய கோட்டைச் சுவர். இது நிசமான ராசா கட்டின நிசமான அரண்மனை. எனக்கோ ஓர்ஸ் ஹில்லில் நின்று அப்பா காட்டின பொய் அரண்மனைகள்தான் கண்ணில் நின்றன. தர்ப்பை இல்லையே என்று பூந்தோட்டத்தில் நீளமான புல் இரண்டு பிடுங்கினேன். காவற்காரன் விசில் ஊதினான். ஒரு கிழவன் போல வளர்ந்த தாடியோடு இரண்டு புல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை என்ன செய்வதென்று தெரியாமல் அவனே திரும்பிப் போய்விட்டான்.

உள்முற்றத்தில் ஆல்பெர்த்து அரண்மனை கட்டி முடிந்த ஆண்டைச் சொன்னார். இளைப்பாறிய ஆங்கிலேயர் ஒருவர் கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு நின்றார். பக்கத்தைப் புரட்டி, “என் புத்தகம் வேறு மாதிரிச் சொல்கிறதே” என்றார் சத்தமாக. அவருடைய மனைவி சிரித்தாள். ஆல்பெர்த்து சொல்லவந்த அடுத்த வசனத்தை விழுங்கினார். கை தானாகவே தொப்பிக்குப் போனது.

அந்தக் கையை நான் முன்பு ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

“புத்தகம் பிழை” என்றேன் ஆங்கிலத்தில். எல்லாரும் கூடை தூக்குகிற ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். “நான் இதைப்பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். இவர் சொல்வதுதான் சரி.” நான் ஒன்றுமே வாசித்திருக்கவில்லை. ஆங்கிலேயர் பென்சிலை எடுத்துத் தன் புத்தகத்தில் திருத்தினார். என் வாழ்நாளில் ஒரு திகதியைச் சரிபிழை பாராமல் எழுத்தில் ஏற்றியது அன்றுதான். இது ஏழெட்டு வருடம் முந்தி வந்திருக்கவேண்டிய பொய் என்று நினைத்தேன்.

பின்னேரம் மூன்று பத்துக்கு ரோக்கா முனை. இருபது நிமிடம் தருகிறேன் என்றார் ஆல்பெர்த்து. மரமில்லாத வெளி, ஆளைத் தள்ளுகிற காற்று, ஒரு கல் தூண், அதன்மேல் சிலுவை. எல்லாரும் தூணடியில் படமெடுக்கப் போனார்கள். நான் கூடையின் அடியிலிருந்து என் பொட்டலத்தை எடுத்தேன். விடிய முதல் அவித்த சோறு, கோவாக்காரர் ஒருவரின் கடையில் வாங்கிய எள்ளு, ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு புல். வேலியில் ஓரிடம் தாழ்ந்திருந்தது. தாண்டினேன். எங்கள் மலையில் பூசைப் பூவை எறிகிற ஐயர் பாறை விளிம்பில்தான் நிற்பார். விளிம்பில் நின்று கடலுக்குக் கொடுப்பது எங்களுக்குப் பழக்கமான காரியம்.

பிதிர் காரியத்துக்குத் தெற்குப் பார்க்கவேண்டும். தெற்குப் பார்த்தேன். கடல் என் வலக்கைப் பக்கம் இருந்தது. உப்புவெளியில் தெற்குப் பார்த்து நின்றால் கடல் இடக்கைப் பக்கம். கொஞ்ச நேரம் எனக்குத் தலை சுற்றியது. வலக்கைப் பெருவிரலடியால் எள்ளும் தண்ணீரும் விட்டேன். காற்று அதை வாங்கி என் முகத்திலேயே அடித்தது. சோற்று உருண்டையை இரண்டு கையிலும் ஏந்தி, அப்பா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை, அவள் குதிச்சவள்தான் என்று வாய்விட்டுச் சொன்னேன். எறிவதற்கு ஒரு அடி முன்னே வைத்தேன்.

யாரோ என் இடுப்புப் பட்டியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். இருவரும் விழுந்தோம். சோறு சிதறியது. ஆல்பெர்த்து என்மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு, போர்த்துக்கேயத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கத்தினார். “வேண்டாம் நண்பா! வேண்டாம்! எல்லாருக்கும்தான் போச்சு! நான் பிறந்த லுவாண்டா போச்சு, வீடு போச்சு, நான் குதித்தேனா?”

“நான் குதிக்க வரவில்லை” என்றேன் மூச்சு வாங்க. “என் அப்பா.”

“கடலிலா?” அவர் எட்டிக் கீழே பார்த்தார்.

“இல்லை. ஊரில். இறந்துவிட்டார். இது அவருக்குச் சாப்பாடு.”

அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. எழும்பி உட்கார்ந்து, புல்லில் சிதறிய சோற்றை என்னோடு சேர்ந்து பொறுக்கினார். இருவருமாக அதை விளிம்பிலிருந்து விட்டோம். ஒரு கடற்பறவை நடுவழியிலேயே வந்து வாங்கிக்கொண்டது. பிறகு ஆல்பெர்த்து ஓடிவந்து திரண்டிருந்த பயணிகள் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி, ஒரு நிமிடம், தயவுசெய்து, இவருடைய தகப்பனாருக்கு என்றார். ஆறு பேரும் தலையைக் குனிந்தார்கள். ஆங்கிலேயரின் மனைவி அழுதாள். காற்று மட்டும் கேட்டது. அந்த ஒரு நிமிடம் முழுவதும், அப்பா இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று நாள் கழித்துச் சனிக்கிழமை தம்பியின் வான்கடிதம் வந்தது.

“அன்புள்ள அண்ணா” என்று தொடங்கியது. “அப்பா உயிரோடு இருக்கிறார். ஏன் அண்ணா இப்படி எழுதினீர்கள்? பாரிசவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துவிட்டது, டொக்டர் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார், அதனால்தான் தந்தி அடித்தேன். உள்ளதைத்தான் அடித்தேன். நீங்கள் உடனே வெளிக்கிட்டிருப்பீர்கள் என்று நினைத்துக் கடிதம் போடவில்லை. அப்பா நாளுக்கு நாலு தரம் படலையைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.”

நான் கதிரையில் இருந்தேன். இருந்தது ஞாபகமில்லை.

என் கடிதம் போய்ச் சேர்ந்த விதத்தையும் அவன் எழுதியிருந்தான். உறையில் என் எழுத்தைக் கண்டதும் அப்பா இப்பவே வாசி என்றிருக்கிறார். இவன் முன்கூட்டிப் பாராமல் உரத்து வாசிக்கத் தொடங்கிவிட்டான். அப்பாவின் ஆத்மா சாந்தியடைய என்ற இடத்தில் நின்றுவிட்டான். அதற்குப் பிறகு நடந்த கதையை அப்படியே எழுதியிருந்தான்:

“ஏன் நிப்பாட்டினனீ? வாசி.”

“ஒண்டுமில்லை அப்பா, எழுத்து விளங்கேல்லை.”

“அவன்ரை எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். வாசியடா.”

இவன் அழுதுகொண்டே எட்டுப் பக்கத்தையும் வாசித்திருக்கிறான். மலையுச்சியில் நடந்ததற்கு நான் கேட்ட மன்னிப்பு வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டாராம். முடிந்ததும் கண்ணைத் திறந்தாராம். பிறகு வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தாராம்.

“செத்தவளை அண்டைக்கு எழுப்பினான். உயிரோடை கிடக்கிற என்னை இண்டைக்குச் சாக்காட்டிப் போட்டான். உன்ரை கொண்ணனுக்கு எழுது, திகதி பிழை எண்டு. திங்கட்கிழமை நான் சாகேல்லை, பதிவு இருக்கு எண்டு எழுது.”

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னாராம்: “கோவமில்லை எண்டும் எழுது. வாற திகதியைக் கேள். அதை மட்டும் பிழையில்லாமல் எழுதச் சொல்லு. அதுவரைக்கும் பாத்துக்கொண்டு கிடப்பன்.”

திங்கட்கிழமை கந்தோர் திறக்க முதலே வாசலில் நின்றேன். அதே உத்தியோகத்தர். கடிதத்தை நீட்டினேன். அவருக்கு வாசிக்க முடியாத எழுத்து. “அப்பா உயிரோடு இருக்கிறார். எனக்கு அந்தப் பச்சைப் படிவம் வேண்டும்” என்றேன். அவர் கோவையைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். தந்தை காலமானார். கீழே என் கையொப்பம், தெளிவாக, திகதியோடு.

“நான் அன்றைக்கு இரண்டு தரம் கேட்டேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்.”

“நீங்கள் நிச்சயமாக என்றீர்கள்.”

இறந்தவர் என்று பதிந்த ஒருவரை நோயாளி என்று மாற்ற வேண்டுமானால், அவர் உயிரோடு இருப்பதாக அங்குள்ள வைத்தியர் சான்றிதழ் தரவேண்டும், அதை அரசாங்க அதிபர் கந்தோர் உறுதிப்படுத்தவேண்டும், கொழும்பில் முத்திரை விழவேண்டும். பிறகு இங்கே மொழிபெயர்ப்பு. ஆறு கிழமை, எட்டுக் கிழமை என்றார். எழும்பி வாசல்வரை என்னோடு வந்தார். அன்று மாலையே தம்பிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்: அப்பா உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்றிதழ் எடுத்து அனுப்பு. இப்படி ஒரு வசனத்தை என் கையால் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை.

கடல் தாண்டிக் கிடக்கிற என் போன்றவர்களுக்கு ஒன்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஊர் வழக்கத்தை நாங்கள் மறந்துவிடுவோம் என்று வீட்டார் பயப்படுகிறார்கள். நான் ஒன்றையும் மறக்கவில்லை. அதுதான் நடந்தது. நான் இங்கே ஊரை அச்சுப் பிசகாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அங்கே தம்பி மாறிவிட்டான், உள்ளதை உள்ளபடி தந்தியில் எழுதுகிறவனாக. அவன் கைப்பட எழுதிய கடிதமும் பதின்மூன்று நாள் பழசு. பதின்மூன்று நாளுக்கு முந்தி அப்பா உயிரோடு இருந்தார் என்பது மட்டுமே இன்றைக்கு எனக்குத் தெரிந்த சரித்திரம். தெருவில் தபாற்காரனின் காலடி கேட்டால் குசினிக்குள் என் கை நின்றுவிடுகிறது. இனி ஒரு தந்தி வந்து, அதில் கடும் சுகவீனம் என்று இருந்தால், அதை நான் எந்த ஊர் வழக்கப்படி வாசிப்பது?

இன்று செவ்வாய்க்கிழமை. பாத்திரமெல்லாம் கழுவியாயிற்று. தோனா கிராசா கோழிரசத்தைக் கொண்டுவந்து வைத்தார், இன்று குடித்தேன். கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு, வான்கடிதத்தின் மேல் மூலையில் இன்றைய திகதியை எழுதினேன். அன்புள்ள அப்பாவுக்கு, நான் வரும் திகதி என்று எழுதினேன். அதற்கு மேல் பேனை நகரவில்லை. இந்த யன்னல் தெற்குப் பார்த்தது. வீட்டுக் கூரைகளுக்கு அப்பால், வலக்கைப் பக்கம் கடல் இருக்கிறது. பேனையும் அந்தக் கையில்தான். கடல் இடக்கைப் பக்கம் இருக்கிற ஒரு முற்றத்தில், படலையைப் பார்த்தபடி ஒருவர் அந்த ஒரு திகதிக்காகக் கிடக்கிறார்.